ரிலே மாட்டினால் போர்டு பூட் ஆகவில்லை

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மண் ஈரம் பார்த்து ஸ்பிரிங்க்ளர் மோட்டாரை ஓட்ட, இஎஸ்பி32 வ்ரூம் மாட்யூல் (வைஃபை உள்ள சிறு கண்ட்ரோலர்) வைத்து நானே போர்டு டிசைன் செய்தேன். ரிலே பின் 12-இல், ஈர சென்சார் 25-இல், பட்டன் 34-இல். ரிலேயை மாட்டினால் போர்டு பூட் ஆவதில்லை. வைஃபை சேர்ந்ததும் ஈர அளவு வருவதில்லை. பட்டன் தொடாமலே அழுத்தியதாகக் காட்டுகிறது. போர்டு வீண்தானா?"

வீணில்லை. இதே போர்டில் சரிசெய்யலாம்.

முதலில் ரிலே, அதாவது மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் மின் சுவிட்ச். உங்கள் புரோகிராம் ஓடத் தொடங்கும் முன்பே, கரண்ட் வந்த கணத்தில் சிப் சில பின்களைப் படிக்கிறது: 0, 2, 5, 12, 15. இதில் 12 ஹையாக (3.3 வோல்ட்டில்) இருந்தால், புரோகிராம் இருக்கும் ஃபிளாஷ் மெமரிக்கு 1.8 வோல்ட் போதும் என்று எடுத்துக்கொள்ளும். வ்ரூமில் இருப்பது 3.3 வோல்ட் ஃபிளாஷ். அதைப் படிக்க முடியாமல் நின்றுவிடும். லோ (0 வோல்ட்) கொடுத்தால் இயங்கும் ரிலே மாட்யூலில் இன்புட் எப்போதும் ஹைக்கு இழுக்கப்பட்டே இருக்கும். உங்களுக்கு நடப்பது இதுதான். 12-க்குப் போகும் டிரேஸை (போர்டில் உள்ள செம்புக் கோட்டை) பிளேடால் வெட்டி, மெல்லிய எனாமல் கம்பியால் 27-க்கு மாற்றுங்கள். 27 பூட்டில் எந்த வேலையும் செய்யாத பின். மலையில் கரண்ட் போய்ப் போய் வரும்போது மோட்டார் தானாக ஓடிவிடக் கூடாது, அதனால் இந்த மாற்றத்தில் சமரசம் வேண்டாம். இ-ஃபியூஸ் (சிப்புக்குள் ஒரே முறை எழுதக்கூடிய அமைப்பு) எரித்து வோல்டேஜை நிலையாக 3.3 ஆக்கவும் வழி உண்டு. ஆனால் எரித்தால் திரும்ப மாற்றவே முடியாது, நான் அதைச் சொல்ல மாட்டேன்.

சென்சார் சுலபம். சென்சார் தரும் வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசி இந்தச் சிப்பில் இரண்டு உண்டு. 25 இருப்பது ஏடிசி2-இல். வைஃபை ஓடும்போது அதை நம்ப முடியாது. ஏடிசி1-இல் உள்ள 33, மாட்யூலில் 25-க்கு ஒட்டியே இருக்கிறது! இரண்டு பேடுக்கும் நடுவே ஒரு சொட்டு ஈயம் வைத்து இணைத்துவிட்டு, புரோகிராமில் 33-ஐப் படியுங்கள். ஒன்று மட்டும்: 25-ஐ அவுட்புட்டாக ஆக்கிவிடாதீர்கள்.

பட்டனுக்கு 34-ஐயே வைத்துக்கொள்ளலாம். 34 முதல் 39 வரை இன்புட் மட்டும்தான், பின்னை ஹையில் பிடித்து வைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் உள்ளே கிடையாது. பட்டனின் மறுமுனை கிரவுண்டில் என்றால், 34-இலிருந்து 3.3 வோல்ட்டுக்கு ஒரு 10 கே ரெசிஸ்டர் போடுங்கள்.

அப்புறம், பின் எண்களை எல்லாம் ஒரே ஹெடர் ஃபைலில் போர்டு பதிப்பு எண்ணோடு எழுதுங்கள். அடுத்த போர்டில் 6 முதல் 11 வரை தொடவே வேண்டாம், அவை ஃபிளாஷுக்கு உரியவை.