பாடி லிஃப்ட்டுக்குப் பிறகு ஃபேன் ஷ்ரவுடில் உரசுகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் 2 அங்குல பாடி லிஃப்ட் (பாடியைச் சேசிஸிலிருந்து உயர்த்தும் கட்டைகள்) போட்டதிலிருந்து, ரேடியேட்டர் ஃபேன், ஷ்ரவுடின் (ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரில் பொருத்திய காற்றுக் கூண்டு) அடிப்பக்கத்தில் இடிக்கிறது. ஷ்ரவுடைக் கழற்றிவிட்டு ஓட்டினால் நெடுஞ்சாலையில் பிரச்சினை இல்லை; லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்டும் கியர்) மெதுவாக மேடு ஏறினால் டெம்பரேச்சர் முள் மேலே போகிறது. இடிக்கும் இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மாட்டலாமா?

பதில்: வெட்டினால் சத்தம் நிற்கும், சூடு முழுசாகக் குறையாது. உங்கள் வண்டியில் ரேடியேட்டரும் ஷ்ரவுடும் பாடியோடு மேலே போய்விட்டன. என்ஜினும் அதில் பொருத்திய ஃபேனும் சேசிஸிலேயே நிற்கின்றன. முன்பு சுற்றிலும் 25 மி.மீ. இடைவெளி இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ. தூக்கியதும் மேலே அது 75 ஆகிறது. கீழே இடைவெளி போய், ஷ்ரவுடின் வளையம் (ஃபேன் சுற்றும் வட்டத் துளையின் விளிம்பு) பிளேடின் பாதைக்குள் 25 மி.மீ. நுழைந்துவிடுகிறது. கீழே வெட்டினாலும் மேலே உள்ள 75 அப்படியேதான் இருக்கும். என்ஜின் பக்கத்துச் சூடான காற்று அந்தச் சந்து வழியாகத் திரும்பி வந்து ஃபேனுக்குள் சுற்றும். ரேடியேட்டர் கோர் (மெல்லிய குழாய்களும் தகடுகளும் கொண்ட நடுப்பகுதி) வழியாக இழுபட வேண்டிய காற்று அந்த அளவுக்குக் குறையும். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே கோரைக் குளிர்விப்பதால் இது தெரியாது.

ஆகவே வேலை இதுதான்: வளையத்தின் மையத்தை ஃபேனின் மையத்துக்குக் கொண்டுவருவது.

அதற்கு முன் என்ஜின் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். பழைய வண்டியில் ரப்பர் அமுங்கி என்ஜினே 10 மி.மீ. இறங்கியிருந்தால், இப்போது எடுக்கும் அளவெல்லாம் வீண். ஃபேனைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டி, வாட்டர் பம்ப் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அதை மாற்றிய பிறகே ஷ்ரவுடில் கை வையுங்கள்.

கீழே இடம் இருந்தால் ரேடியேட்டரையே 50 மி.மீ. இறக்கிவிடுவது ஆகச் சிறந்தது. பிராக்கெட்டில் புதுத் துளை போட்டால் ஷ்ரவுடை வெட்டவே வேண்டாம். ஆனால் கீழ் ஹோஸ் ஸ்டீயரிங் பாகங்களிலோ ஸ்கிட் பிளேட்டிலோ (வண்டியின் அடிப்பக்கக் காப்புத் தகடு) தொடக்கூடாது. இறக்க முடியாவிட்டால் வளையத்தை மாற்றி வையுங்கள்.

என்ஜின் ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஃபேன் தடுத்தால் அதையும் ஷ்ரவுடையும் ஒன்றாக வெளியே எடுங்கள். விஸ்கஸ் கிளட்ச் (உள்ளே திரவம் உள்ள, சூட்டுக்கேற்ப ஃபேன் வேகத்தை மாற்றும் இணைப்பு) இருந்தால் அதைப் படுக்கப் போடாமல் நிமிர்த்தி வையுங்கள். வளையத்தைச் சுற்றி 15 மி.மீ. விளிம்பு விட்டு, மெல்லிய ஹாக்சா பிளேடால் அறுத்துத் தனியாக எடுங்கள். ஷ்ரவுடின் துளையைக் கீழ்நோக்கி 50 மி.மீ. நீட்டி, வளையத்தை இறக்கிப் பொருத்துங்கள். மேலே உருவாகும் பிறை வடிவ இடைவெளியை 1.5 மி.மீ. அலுமினியத் தகட்டால் மூடுங்கள். 4 மி.மீ. பாப் ரிவெட், 40 மி.மீ.க்கு ஒன்று போதும். ரிவெட்டின் தலை ஃபேன் பக்கம், வால் வெளிப்பக்கம். பிளாஸ்டிக்கில் வாஷர் இல்லாமல் இழுத்தால் அங்கிருந்தே விரிசல் விடும். ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதன் முனையில் 3 மி.மீ. துளை போட்டு நிறுத்துங்கள். பிளாஸ்டிக்கில் பிபி (பாலிப்ரொப்பிலீன்) என்ற முத்திரை இருந்தால் ஃபைபர் கிளாஸ் பிசின் உரிந்து வந்துவிடும். பிளாஸ்டிக் வெல்டிங்தான் சரி.

இறக்கிய வளையம் ஷ்ரவுடின் அடிச்சுவரைத் தாண்டினால் ஒட்டுப்போடுவதில் அர்த்தமில்லை. முழுப் பெட்டியையும் தகட்டிலேயே செய்துவிடுங்கள்.

என்ஜின் மவுண்டிங்கில் ஆடும் என்பதால் பிளேடு முனைக்கும் வளையத்துக்கும் சுற்றிலும் 20 முதல் 25 மி.மீ. விடுங்கள். ஷ்ரவுடோடு சேர்ந்த எலக்ட்ரிக் ஃபேனில் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளியைப் பார்த்து இங்கே ஆசைப்படாதீர்கள். ஆழத்தில், பிளேடின் அகலத்தில் பாதியோ சற்று அதிகமோ வளையத்துக்குள் இருக்க வேண்டும். முழுவதும் உள்ளே போனால் காற்று பின்னால் பிரிந்து வெளியேறத் திணறும். ஷ்ரவுடுக்கும் கோரின் சட்டத்துக்கும் இடையே ஃபோம் பட்டை ஒட்டுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

சோதனைக்கு, வளையத்தின் உட்புறம் நான்கு திசையிலும் 12 மி.மீ. உயரக் களிமண் உருண்டைகளை அழுத்தி ஒட்டி, கரடுமுரடான பாதையில் லோ ரேஞ்சில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். எந்த உருண்டையில் வெட்டு விழுந்திருக்கிறதோ, அந்தப் பக்கம் இடைவெளி போதவில்லை. பிறகு என்ஜின் நன்றாகச் சூடாகி ஐடிலில் இருக்கும்போது, கிரில்லின் முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். நடுவில் மட்டுமல்ல, நான்கு மூலைகளிலும் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒரு மூலையில் நழுவினால் அங்கே ஃபோம் சரியாக உட்காரவில்லை.

தண்ணீருக்குள் வண்டியை இறக்குபவரானால் பிளேடுக்கும் கோருக்கும் உள்ள தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். தண்ணீரை அடிக்கும் பிளேடு முன்னால் வளைந்து கோரையே கிழித்துவிடும். ஷ்ரவுட் எவ்வளவு சரியாக இருந்தாலும் இதைத் தடுக்காது. ஆழமான இடத்தில் கிரில்லின் முன் தார்ப்பாய் கட்டுவதும், பெல்ட்டைத் தளர்த்துவதும்தான் வழி.