வாசகர் கேள்வி பதில்: கோச்ல ஏறலாமா வேணாமா?

போன இதழ்ல ரக்பில ஒரு வகையான ரக்பி லீக் பத்தி ரெண்டு வரி போட்டதுக்கே இத்தனை கேள்வி வந்துருச்சு. எல்லாம் வட இங்கிலாந்துல குடியிருக்கிற நம்மாளுங்க அனுப்புனது, எல்லாத்துலயும் விஷயம் ஒண்ணுதான்: சொந்த ஊர் கிரவுண்ட்ல நாலஞ்சு மேட்ச் பாத்தாச்சு, இப்ப கூட இருக்கிறவங்க அவே மேட்ச்சுக்கு, அதாவது எதிர் டீம் ஊர்ல நடக்கிற ஆட்டத்துக்கு, ரசிகருங்க போற கோச் பஸ்ல வா வான்னு இழுக்கிறாங்க, போறதா வேணாமா?

கூட வேலை பாக்கிறவங்க லீட்ஸ் ரைனோஸ் டீம் ரசிகருங்க. ஹல் ஊர்ல நடக்கப்போற மேட்ச்சுக்கு சப்போர்ட்டர்ஸ் கோச்ல சீட்டு போட்டு தர்றேங்கிறாங்க. ஃபுட்பால் அவே மேட்ச் பத்தி கேள்விப்பட்டதை வச்சு என் மனைவி வேணவே வேணாம்னுட்டாங்க. போலாமா?
*ஒரு வாசகர், லீட்ஸ்*

போங்க. வீட்ல நான் சொன்னேன்னு சொல்லிக்கோங்க, திட்டு எனக்கு வரட்டும்.

ஃபுட்பால்ல அவே ரசிகருன்னா தனி கேட்டு, தனி ஸ்டாண்டு, நடுவுல போலீஸ் வரிசை, மேட்ச் முடிஞ்சப்புறமும் சில சமயம் உள்ளயே நிறுத்தி வச்சு அனுப்புவாங்க. ரக்பி லீக்ல பெரும்பாலும் இந்த கெடுபிடி இல்ல. அவே ஆளுங்களுக்குன்னு ஒரு பக்கம் ஒதுக்குவாங்க, அது வாஸ்தவம், ஆனா வெளிய பப்ல, சாப்பாட்டு க்யூல, பஸ் ஸ்டாப்புல ரெண்டு கலர் சட்டையும் தோளோட தோள் இடிச்சுகிட்டுதான் நிக்கும், நிறைய பேரு எதிர் டீம் ஆளோட பக்கத்து சீட்லயே உக்காந்து எம்பது நிமிஷமும் கத்திட்டு கடைசில கை குடுத்துட்டு போவாங்க. 1985-ல வந்த ஒரு சட்டம் ஃபுட்பால் மேட்ச்ல கிரவுண்ட் தெரியிற இடத்துல உக்காந்து குடிக்கக்கூடாது, ரசிகருங்க போற கோச்லயும் சரக்கு இருக்கக்கூடாதுன்னு சொல்லுது, அந்த சட்டத்துல ரக்பி லீக் வராது. அதனால பியர் கப்போட ஸ்டாண்ட்ல நிக்கிறவங்களை பாத்து ஐயோ இது என்னன்னு பதறாதீங்க. கோச்ல மட்டும் அந்த கம்பெனி என்ன சொல்லுதோ அதான், சில டிரைவருங்க ஒரு கேனைக்கூட உள்ள விடமாட்டாங்க.

அதுக்காக சண்டையே வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். பக்கத்து பக்கத்து டீம் மோதுற டெர்பி மேட்ச்ல, அதுவும் காலைலயே குடிக்க ஆரம்பிச்ச கூட்டம் நாலு பேரு இருந்தா, வாய் நீளும். அப்படி யாராவது பக்கத்துல இருந்தா ரெண்டு வரிசை தள்ளி போயிடுங்க, வம்பு பண்ணா கிரவுண்ட் ஊழியரான ஸ்டூவர்டு கிட்ட சொல்லுங்க. உங்க கோச்லயே ஒரு பெரிய மனுஷன் இருப்பாரு, கையில லிஸ்ட் வச்சுகிட்டு தலையை எண்றவரு, அவரு கண்ணுல படுற மாதிரி நில்லுங்க, முதல் தடவைக்கு அது போதும்.

எல்லா அவே மேட்ச்சும் ரெண்டு மணி நேர தூரத்துக்குள்ளயே இருக்கே, ஏன் சார்? லண்டன், பிரிஸ்டல்னு போகவே மாட்டேங்கிறாங்களே?
*ஒரு வாசகர், ஹடர்ஸ்ஃபீல்ட்*

நீங்க ஹடர்ஸ்ஃபீல்ட்ல இருந்துகிட்டு இதை கேக்கலாமா? உங்க ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல இருக்கிற ஜார்ஜ் ஹோட்டல்லதான் எல்லாமே ஆரம்பிச்சுது, 1895 ஆகஸ்ட் 29. சுரங்கத்துலயும் மில்லுலயும் வேலை பாத்த ஆளுங்க சனிக்கிழமை ஷிஃப்ட்டை விட்டுட்டு ஆட வந்தா கூலி போயிடும், அந்த கூலியை கிளப்பு குடுக்கலாம்னு வடக்கத்தி கிளப்புங்க கேட்டுச்சு, லண்டன்ல உக்காந்திருந்த ரக்பி சங்கம் முடியவே முடியாதுன்னுருச்சு. பிச்சுகிட்டு வந்துட்டாங்க. அன்னிக்கு யார் யாரு பிரிஞ்சு வந்தாங்களோ அந்த ஊருங்க பக்கத்துலதான் இந்த ஆட்டம் இன்னைக்கும் பெருசா இருக்கு, லங்காஷைர்ல இருந்து யார்க்‌ஷைர் வரைக்கும், எம் 62 மோட்டார்வேயை ஒட்டின மாதிரி.

முதல் கேள்விக்கான பதிலும் கொஞ்சம் இதுலயே இருக்கு. எதிர் டீம் ஆளு யாரோ தூர தேசத்து ஆளு இல்ல, உங்க ரசிகரோட மச்சானா இருப்பாரு, இல்ல ஒரே ஃபேக்டரில ஷிஃப்ட்டு மாத்துறவரா இருப்பாரு. திங்கக்கிழமை மூஞ்சில முழிக்கணும்ல.

விதி ஒண்ணும் புரியாம போனா கேலி பண்ணுவாங்களா?
*ஒரு வாசகி, வாரிங்டன்*

கேலி பண்ணமாட்டாங்க, ஆனா விடிய விடிய கிளாஸ் எடுப்பாங்க, அதுக்கு ரெடியா போங்க. பக்கத்துக்கு 13 பேரு. பந்தோட ஓடுறவனை புடிச்சு கீழ போட்டா எந்திரிச்சு காலால பின்னாடி உருட்டிட்டு மறுபடி ஓடலாம், இப்படி ஆறு தடவை மாட்டுனா பந்து எதிராளிக்கு. அதனாலதான் அஞ்சாவது முடிஞ்சதும் எல்லாரும் பந்தை உதைச்சு அனுப்புவாங்க. கோட்டை தாண்டி பந்தை தரையில அழுத்துனா டிரை, 4 பாயிண்ட், அதுக்கப்புறம் கம்பத்துக்கு நடுவுல உதைச்சா 2, பெனால்டி உதையும் 2, ஓடுற ஆட்டத்துல பந்தை தரையில தட்டி கம்பத்துக்கு நடுவுல உதைக்கிற டிராப் கோல் போட்டா 1. கபடி பாத்து வளர்ந்த கண்ணுக்கு இது சீக்கிரம் பிடிபட்டுரும். 1895-ல விட்டுட்டு வந்த அந்த சங்கத்தோட ஆட்டமான யூனியன் ரக்பியோட மட்டும் குழப்பிக்காதீங்க, கோச்ல அதை பத்தி பெருமையா பேசவே பேசாதீங்க.

கோச்சுக்கு காசு குடுக்கிறதுக்கு என் கார்லயே போயிடலாம்னு தோணுது. ஹல்ல இருந்து செயின்ட் ஹெலன்ஸ், வெள்ளிக்கிழமை ராத்திரி மேட்ச். கூட ரெண்டு பேரு வர்றாங்க. எது நல்லது?
*ஒரு வாசகர், ஹல்*

கணக்கு போட்டா மூணு பேருக்கு கார் மலிவாத்தான் தெரியும். ஆனா வெள்ளிக்கிழமை சாயங்காலம் எம் 62-ல ஓட்டிருக்கீங்களா? லீட்ஸ், பிராட்ஃபோர்ட் பக்கம் ஆபீஸ் விட்டு வர்ற கூட்டம் மொத்தமும் அங்கதான், அதை தாண்டுனா மலை மேல ஏறணும், இங்கிலாந்துலயே உயரமான மோட்டார்வே அது, மேல மூடுபனியோ மழையோ அடிச்சா எல்லா வண்டியும் ஊர்ந்துதான் போகும். நடு ரோட்டுல, ரெண்டு பக்கமும் வண்டி போக நடுவுல ஒரு பண்ணை வீடு வரும் பாருங்க, அதை பாத்துட்டா பாதி வழி வந்தாச்சுன்னு கோச்ல கத்துவாங்க, கார்ல ஓட்டிட்டு போறவனுக்கு அதை திரும்பி பாக்கக்கூட முடியாது.

போறதை விட வர்றதுதான் கஷ்டம். டிவில காட்டுற மேட்ச்சு பெரும்பாலும் ராத்திரி எட்டு மணிக்கு தொடங்கும், எம்பது நிமிஷ ஆட்டம், இடைவேளை, வீடியோ ரெஃபரி யோசிக்கிற நேரம் எல்லாம் சேத்தா பத்து மணி சாதாரணமா ஆயிடும். சமமா முடிஞ்சா கோல்டன் பாயிண்ட் வேற, 2019-ல இருந்து இங்க மேல் மட்ட லீக்கான சூப்பர் லீக்ல அது இருக்கு, எக்ஸ்ட்ரா டைம்ல முதல்ல பாயிண்ட் எடுக்கிறவன் ஜெயிச்சான்னு அர்த்தம். அதுக்கப்புறம் பார்க்கிங்ல இருந்து வெளிய வந்து, ராத்திரில மட்டும் ரோடு வேலைக்காக மூடுற மோட்டார்வேயை சுத்திகிட்டு, தொண்டை கட்டிப்போய் நீங்க வீடு சேர நடுராத்திரி தாண்டிடும். கூட வந்த ரெண்டு பேரும் பின் சீட்ல நல்லா தூங்கிட்டு வருவாங்க, ஓட்டுறவன் தலையெழுத்து அது. கோச்ல டிரைவருக்கு நாலரை மணி நேரம் ஓட்டுனா 45 நிமிஷம் ரெஸ்ட் எடுக்கணும்னு சட்டமே இருக்கு, உங்களுக்கு யாரு சொல்லுவா?

ரயில்? கிரவுண்டை பொறுத்தது. வாரிங்டன்ல சென்ட்ரல் ஸ்டேஷன்ல இறங்குனா நடந்துடலாம், லீட்ஸ்ல ரைனோஸ் கிரவுண்டான ஹெடிங்லிக்கு பக்கத்துலயே ரெண்டு சின்ன ஸ்டேஷன் இருக்கு. உங்க ஊருலயே ரெண்டு டீம், ஹல் எஃப்சி கிரவுண்டுக்கு பாரகன் ஸ்டேஷன்ல இருந்து நடக்கலாம், ஹல் கேஆரோட கிரேவன் பார்க் கிழக்கு கோடியில, பஸ்ஸு வேணும். லீ (Leigh) ஊருக்கு போகணும்னா அங்க ஸ்டேஷனே கிடையாது, அவ்வளவு பெரிய ஊருக்கு ஸ்டேஷன் இல்லன்னு அங்க உள்ளவங்களே ரொம்ப வருஷமா பொலம்பிட்டு இருக்காங்க. ராத்திரி மேட்ச்னா எந்த ஊரா இருந்தாலும் கடைசி ரயில் எத்தனை மணிக்குன்னு பாத்துட்டு டிக்கெட் போடுங்க, கோல்டன் பாயிண்ட்டுக்காக எந்த ரயிலும் காத்திருக்காது. கோச்சு காத்திருக்கும்.

ஹல்லுக்கு போறப்ப சிவப்பு சட்டை போடலாமா?
*ஒரு வாசகர், வேக்ஃபீல்ட்*

எந்த ஹல்லுக்கு? ஆத்துக்கு மேற்கே ஹல் எஃப்சி, கருப்பு வெள்ளை. கிழக்கே ஹல் கேஆர், சிவப்பு வெள்ளை. ஒரே ஊருதான், ஆனா ஒரு பக்கத்து ஆளு இன்னொரு பக்கத்து கலரை சமையல் ரூம் துண்டாக்கூட வாங்கமாட்டாங்கன்னு சொல்லுவாங்க. 1980-ல வெம்ப்ளில நடந்த சேலஞ்ச் கப் நாக்-அவுட் போட்டி ஃபைனல்ல இந்த ரெண்டு டீமுமே மோதுனப்ப ஊரே காலியாகி போச்சு, கடைசியா போறவங்க லைட்டை அணைச்சுட்டு போங்கன்னு ஊர் எல்லையில எழுதி வச்சிருந்தாங்க. அந்த ஃபைனல்ல கேஆர் 10-5 ஜெயிச்சுது. நீங்க உங்க டீம் சட்டையை போடுங்க, அதுதான் பாதுகாப்பு. வேறெதுவும் ஆகலைனாலும் கோச் தலைவருக்கு உங்களை தேட ஈஸியா இருக்கும்.

திருச்சியில இருந்து மாமனார் வந்திருக்காரு, எழுபது தாண்டிட்டாரு, கிரிக்கெட்ட தவிர வேற எதையும் ஆட்டம்னே ஒத்துக்கமாட்டாரு. எங்க டீம் ஹெடிங்லில ஆடுது, கோச்ல கூட்டிட்டு போலாமா? சாப்பாட்டுக்கு என்ன பண்றது, அவரு சைவம்.
*ஒரு வாசகி, செயின்ட் ஹெலன்ஸ்*

ஹெடிங்லியா, அப்ப வழக்கு பாதி ஜெயிச்சாச்சு. அங்க ரக்பி கிரவுண்டும் டெஸ்ட் கிரிக்கெட் கிரவுண்டும் முதுகோட முதுகு ஒட்டிகிட்டு இருக்கு, நடுவுல இருக்கிற ஸ்டாண்டு ரெண்டுக்கும் பொது. மாமா, 2002-ல டிராவிட், சச்சின், கங்குலி மூணு பேரும் செஞ்சுரி அடிச்ச இடம் இதுன்னு சொல்லி கூட்டிட்டு போங்க, வந்துடுவாரு.

நிக்கிற டெரஸ் டிக்கெட் வாங்கிடாதீங்க, அது சின்ன வயசுக்காரங்களுக்கு, எழுபது வயசு முட்டிக்கு இல்ல. உக்கார்ற சீட்டு, கூரைக்கு கீழ. சீசன் பிப்ரவரில ஆரம்பிக்குது, 1996-ல இதை வெயில் கால ஆட்டமா மாத்திட்டோம்னு சொன்னாங்க, பிப்ரவரி அதை கேக்கல, அதனால தெர்மல், குல்லா, ரெண்டு சாக்ஸ். கோச்ல டாய்லெட் இருக்கான்னு புக் பண்றப்பவே வெக்கப்படாம கேளுங்க, இல்லைன்னா மோட்டார்வே சர்வீஸ்ல எங்க நிறுத்துவாங்கன்னாவது தெரிஞ்சுக்கோங்க.

கிரவுண்ட்ல கிடைக்கிறது பெரும்பாலும் கறி அடைச்ச பை (pie), பர்கர், சிப்ஸ், சைவத்துக்கு சிப்ஸ்தான் நிச்சயம். சிப்ஸ் எதுல பொரிச்சதுன்னு கேட்டுக்கோங்க, இந்தப் பக்கம் மாட்டுக்கொழுப்புல பொரிக்கிற கடை நிறைய. கைப்பையை கேட்ல சோதிப்பாங்க, சாப்பாட்டு டப்பாவை உள்ள விடலாம் விடாமலும் போகலாம், அதனால கோச்லயே சாப்பிட்டு முடிச்சிடுங்க. பொடி தடவுன இட்லி நல்லது. பூண்டு ஊறுகாயை மட்டும் வீட்டுலயே வச்சுட்டு போங்க, ஜன்னல் திறக்காத வண்டி.

எங்க ஆளுங்க பெர்பின்யானுக்கு போறாங்க, ஃபிரான்ஸ்ல. என்கிட்ட இந்திய பாஸ்போர்ட், இங்க வொர்க் விசா. கூட வர்றவங்க எல்லாம் பார்சிலோனாவுக்கு ஃப்ளைட் போட்டுட்டாங்க. நானும் போட்டுடவா?
*ஒரு வாசகர், விகன்*

நில்லுங்க. ஃப்ளைட் அப்புறம், முதல்ல விசா. உங்க கூட வர்ற பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரங்களுக்கு விசா வேணாம், அதனால அவங்களுக்கு இந்த நினைப்பே வராது, உங்களுக்கு சொல்லவும் தோணாது. இங்கிலாந்து வொர்க் விசா ஐரோப்பாவுக்குள்ள செல்லாது, உங்களுக்கு ஷெங்கன் விசா கண்டிப்பா வேணும். இறங்குறது ஸ்பெயின்ல இருந்தாலும் அதிக நாள் தங்குறது ஃபிரான்ஸ்லதான்னா அப்ளை பண்ண வேண்டியது ஃபிரான்ஸுக்கு. பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடி இருந்தே குடுக்கலாம், கடைசியா 15 நாள் முன்னாடியாவது குடுக்கணும், ஆனா அந்த 15-ஐ நம்பாதீங்க, அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதே பெரும்பாடு, மேட்ச் தேதி பட்டியல் வந்த வாரமே உக்காந்து போட்டுடுங்க. டிவிக்காக மேட்ச் ஒரு நாள் முன்ன பின்ன நகரும், அதனால விசா தேதிக்கு ரெண்டு பக்கமும் இடம் விட்டு கேளுங்க, ஹோட்டலும் கேன்சல் பண்ணக்கூடியதா பாத்து போடுங்க.

விசா கையில வந்துட்டா இதை விட நல்ல அவே டிரிப் கிடையாது. பார்சிலோனாவுல இருந்து ஸ்பீடு ரயில்ல ஒன்றரை மணி நேரத்துக்குள்ள பெர்பின்யான். அந்த ஊர் டீமான கேட்டலன்ஸ் டிராகன்ஸ் 2006-ல சூப்பர் லீக்குக்கு வந்தாங்க, 2018-ல வாரிங்டனை அடிச்சு சேலஞ்ச் கப்பையே தூக்கிட்டு போனாங்க, இங்கிலாந்துக்கு வெளிய அந்த கப்பு போனது அதுதான் முதல் தடவை. சூப்பர் லீக் 14 டீமான 2026 சீசன்ல இன்னொரு ஃபிரெஞ்ச் டீமான டூலூஸும் திரும்ப வந்தாச்சு, ஆக ஃபிரான்ஸ் பக்கம் ரெண்டு டிரிப். மல்டிபிள் என்ட்ரி கேட்டு பாருங்களேன்.

கோச்ல என்ன மரியாதை, என்ன வழக்கம்? தோத்துட்டா திரும்பி வர்றப்ப என்ன பேசுறதுன்னே தெரியல.
*ஒரு வாசகர், காஸல்ஃபோர்ட்*

பின் வரிசை சீட்டு காலியா தெரிஞ்சாலும் உக்காராதீங்க, அது வருஷக்கணக்கா ஒருத்தருக்கு சொந்தம், டிக்கெட்ல எழுதியிருக்காது. ஏறுற இடத்துக்கு பத்து நிமிஷம் முன்னாடி போங்க, சின்ன நோட்டும் சில்லறையும் கையில வச்சுக்கோங்க, போறப்ப குலுக்கல் பரிசுக்கு ராஃபிள் டிக்கெட் விப்பாங்க, வர்றப்ப டிரைவருக்காக ஒரு தொப்பி சுத்தி வரும், ரெண்டுத்துக்கும் கை நீட்டாம இருக்கிறவரை மறக்கமாட்டாங்க. மேட்ச் முடிஞ்சு கோச் எங்க நிக்கும்னு இறங்குறப்பவே போட்டோ எடுத்துக்கோங்க, இறக்கி விட்ட இடத்துலயே நிக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல.

தோத்தா முதல் அரை மணி நேரம் யாரும் பேசமாட்டாங்க. ஆட்டம்தானே விடுங்கன்னு மட்டும் ஆறுதல் சொல்லிடாதீங்க, அடுத்த தடவை சீட்டு கிடைக்காது. யாராவது ஒருத்தரு ரெஃபரியை பத்தி ஆரம்பிப்பாரு, அப்ப தலையாட்டுனா போதும்.