மறுமொழி: இதயத் துடிப்புக் கோளாறுடன் லண்டன் பயணம்

வணக்கம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயம் ஒழுங்கற்றுத் துடிக்கும் நோய்) உள்ள உங்கள் தந்தையாரை டிசம்பரில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து லண்டனுக்கு அழைத்துச் செல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். துடிப்பு கட்டுக்குள் இருந்து, நடக்கும்போது மூச்சுத் திணறலோ மயக்கமோ வராதவர்கள் பொதுவாகப் பறக்கலாம். எனினும் விமானத்தினுள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதைப் போலக் குறைந்திருக்கும் என்பதால், சில வாரங்கள் முன்பே அவருடைய இதய மருத்துவரின் ஒப்புதலைப் பெற்றுவிடுங்கள்.

எனக்குப் பெரிதாகத் தோன்றுவது மாத்திரை நேரம்தான். அவர் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை உட்கொள்ளும் அப்பிக்ஸபான் என்னும் இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையின் ஆற்றல் விரைவில் குறைந்துவிடும். ஒரு வேளை தவறினாலும் இரத்தக்கட்டுக்கு எதிரான பாதுகாப்பு தளர்ந்துபோகும். டிசம்பரில் லண்டன் நம்மைவிட 8 மணி நேரம் பின்தங்கியிருக்கும். ஆகையால் ஒரு கைக்கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்திலேயே வைத்துக்கொண்டு, விமானத்தில் அதன்படியே மாத்திரையைக் கொடுங்கள். அங்கு சென்றபின் நேரத்தை எப்படி மாற்றுவது என்பதைப் பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) மருந்தாளரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்துகள் முழுவதையும், மருத்துவரின் கடிதத்தையும், அண்மைய இசிஜி (இதயத் துடிப்புப் பதிவு) நகலையும் கைப்பையிலேயே வையுங்கள். பயணக் காப்புறுதி எடுக்கும்போது இந்த நோயை மறைக்காமல் தெரிவித்து, அதற்குக் காப்பு உண்டா என்பதையும் கேட்டு உறுதிசெய்யுங்கள். வழியில் அவர் போதிய தண்ணீர் அருந்தி, அவ்வப்போது எழுந்து நடக்கட்டும்.