சினிமாவில் இருபத்தைந்தாம் தேதி

அன்புள்ள ஐயா,

பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமம் என் ஊர். வயது 26. பெருங்குடியில் ஒரு கம்பெனியில் வேலை. கைக்கு வருவது 38,000 ரூபாய். வீட்டுக்கு 12,000 அனுப்பி, வாடகை, சாப்பாடு, வண்டி ஈ.எம்.ஐ. எல்லாம் போனால் கடைசி வாரத்தில் பர்ஸைத் திறக்கவே யோசனையாக இருக்கிறது. போன வாரம் நண்பர்கள் நந்தனத்தில் ஒரு இசை நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். டிக்கெட் 4,000 ரூபாய். ‘நான் போட்டுடறேன், அப்புறம் குடு’ என்றான் ஒருவன். தலைவலி என்று சொல்லித் தப்பித்தேன். ‘நீ கணக்குப் பாக்குற ஆளாயிட்ட மச்சான்’ என்றார்கள். ரஜினி படம் பார்த்து வளர்ந்தவன் நான். பணத்தைத் தூசியாக மதிக்கும் நாயகர்களுக்குக் கைதட்டியவன், இன்று டீக்கடையில் யார் காசு கொடுப்பது என்று பார்க்கிறேன். எங்கள் ஊரில் யாரும் இப்படி எண்ணிப் பார்த்ததில்லை. நகரம் என்னைக் கஞ்சனாக்கிவிட்டதா? இன்னொன்று: நானும் நண்பனும் வேளச்சேரியில் வீடு பார்க்கிறோம். பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். இது நியாயமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் ஊரில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பேராவூரணிக்காரர் இதைச் சொன்னால் எப்படி நம்புவது? ஆடி பிறந்தால் உங்கள் பக்கத்தில்தானே மொய் விருந்து களைகட்டும்? பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு என்று வரிசையாகப் பந்தல். பலர் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைப்பார்கள். கறிச்சோறு ஒரு பக்கம், ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனி மொய் மேசை ஒரு பக்கம். இப்போது நோட்டு எண்ணும் எந்திரமும் வந்துவிட்டது. இன்னார் மகன் இன்னார் இத்தனை ரூபாய் என்று நோட்டில் ஏறும். வாங்கியவர், எழுதியவர் வீட்டு விருந்தின்போது பழைய மொய்யைத் திருப்பி, அதற்கு மேலும் கொஞ்சம் எழுத வேண்டும். விட்டுப்போனால் வீட்டு வாசலுக்கே ஆள் வரும். அந்த நோட்டைப் பத்திரத்தோடு பத்திரமாகப் பீரோவில் வைத்துப் பூட்டுகிற ஊர் உங்களுடையது. அந்தப் பணத்தில் கிணறு வெட்டியவர்களும் பிள்ளைகளைக் காலேஜில் சேர்த்தவர்களும் உண்டு. ஆக, எண்ணும் பழக்கத்தை நீங்கள் சென்னையில் கற்கவில்லை, ஊரிலிருந்து பெட்டியோடு கொண்டுவந்தீர்கள். ஊரில் அதை எல்லோருமாகச் சேர்ந்து, மைக் வைத்துச் செய்கிறீர்கள். இங்கே ராத்திரி போனில் பேங்க் பேலன்ஸைத் தனியாகப் பார்க்கிறீர்கள். வெட்கம் அங்கேதான் ஒட்டிக்கொள்கிறது என்று நினைக்கிறேன்.

வெட்கத்தின் மிச்சப் பாதியை சினிமா கொடுத்திருக்கிறது. நம் படங்களில் பணம் எப்படி வருகிறது என்று பாருங்கள். ‘அண்ணாமலை’யில் (1992) பால்காரர் ஒரு பாட்டு முடிவதற்குள் ஓட்டல் அதிபர் ஆகிவிடுகிறார். ‘படையப்பா’வில் (1999) மிஞ்சிய நிலத்துக்குள் கிரானைட் கிடைக்கிறது. இரண்டுக்கும் நானும் விசில் அடித்தவன்தான், இன்று டிவியில் போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பேன். அதில் குறையில்லை. ஆனால் இந்தப் படங்களில் மாதம் என்ற ஒன்று கிடையாது. யாருக்கும் இருபத்தைந்தாம் தேதி வருவதில்லை. முப்பது நாள் கணக்கை வைத்து ஒரு படம் வந்தது, ‘அருணாச்சலம்’ (1997). 30 நாளில் 30 கோடி ரூபாயைச் செலவழித்துத் தீர்த்தால் 3,000 கோடி சொத்து. தமிழ் நாயகன் ஒரு மாதம் முழுக்கப் பணத்தோடு போராடிய படம் அது. அங்கேயும் பிரச்சினை என்னவென்றால், பணம் தீர மாட்டேன் என்கிறது!

இன்னொரு பக்கம் சூட்கேஸ். வில்லன் மேசைமேல் வைத்து, தாழ்ப்பாள் இரண்டையும் ‘டக்’கென்று தட்டித் திறந்து, நாயகன் பக்கம் திருப்புவான். கட்டுக்கட்டாகப் பச்சை நோட்டு. நாயகன் அதை எண்ணவே மாட்டான். எட்டி உதைப்பான், அல்லது ஜன்னல் வழியாக வீசுவான். அந்த நோட்டுகளைக் குனிந்து பொறுக்குகிறவன் காமெடியன். கணக்குப் பார்க்கிறவர் யார் என்றால், மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்தி, காதில் பேனாவைச் செருகிய கணக்குப்பிள்ளை. அவர் ஒன்று வில்லனிடம் வேலை பார்ப்பார், இல்லை நாயகியின் அசட்டுச் சித்தப்பாவாக இருப்பார். கொடுக்கிறவன் கதாநாயகன், எண்ணுகிறவன் கோமாளி. ஐம்பது வருடமாக இதையே பார்த்தவர்களிடம் ‘கணக்குப் பாக்குற ஆளாயிட்ட’ என்பது வசையாகத்தான் இருக்கும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1955இல் ‘முதல் தேதி’ என்றே ஒரு படம் வந்தது. சிவாஜி அதில் வங்கி ஊழியர். ஒன்றிலிருந்து இருபது வரை கொண்டாட்டம், மிச்ச நாளெல்லாம் திண்டாட்டம் என்று என்.எஸ்.கிருஷ்ணன் அதில் பாடுவார். சம்பளக்காரனின் மாதத்தை அதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் இல்லை. 1974இல் பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’. வீட்டில் அத்தனை பேர் வயிறும் சுஜாதாவின் சம்பளத்தை நம்பியிருக்கும். கவனியுங்கள், அங்கே சம்பளம் வாங்குவது பெண். நம் சினிமாவில் ஆணுக்கு லட்சியமும் சபதமும் கிடைத்தன, சம்பளக் கவரும் வீட்டுச் செலவும் பெண்ணுக்குப் போயின. நட்சத்திரம் பெரிதாக ஆக, குமாஸ்தா வேஷம் அவருக்குப் பொருந்தாமல் போயிற்று என்பது என் எண்ணம். திரைக்கு வெளியே வள்ளலாகத் தெரிய வேண்டியவர், திரைக்குள் பஸ்ஸுக்குச் சில்லறை தேடினால் எடுபடுமா?

பிற்காலப் படங்களில் ஒரு தொகை மனதில் நிற்கிறது என்றால் அது 299 ரூபாய். மணிகண்டனின் ‘காக்கா முட்டை’யில் (2015) அந்தச் சேரிப் பையன்கள் ஆசைப்படும் பீட்சாவின் விலை. தண்டவாளத்து ஓரம் சிந்திய கரியைப் பொறுக்கி, எடைக்குப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறார்கள். ஒரு பாட்டில் முடிகிற வேலையாக இயக்குநர் அதைக் காட்டவில்லை, நம்மையும் கூடவே எண்ண வைக்கிறார். பணம் சேர்ந்து கடைக்குப் போனால் உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள். சட்டை சரியில்லை. அப்புறம் சட்டைக்காக அலைச்சல். 299 என்பது பீட்சாவுக்கு மட்டும்தான், வாசலைத் தாண்ட வேறு விலை இருக்கிறது. இந்தச் சென்னையைப் பற்றி அத்தனை துல்லியமாகச் சொன்ன வேறு படம் எனக்கு நினைவில்லை.

உங்கள் 4,000 ரூபாயும் அதே கதைதான். டிக்கெட்டுக்கு மேல் புக்கிங் கட்டணம், உள்ளே தண்ணீர் பாட்டிலும் ஏதாவது சாப்பாடும், ராத்திரி கூட்டம் கலைகிற நேரத்தில் பெருங்குடிக்கு ஆட்டோக்காரர் சொல்கிற ரேட்டு. எல்லாம் சேர்த்தால் நீங்கள் ஊருக்கு அனுப்புவதில் கிட்டத்தட்டப் பாதி. இதைக் கூட்டிப் பார்த்துப் போகவில்லை என்றால் அது கஞ்சத்தனமா? கஞ்சன் என்பவன் தன்னிடம் இருப்பதைக் கொடுக்க மறுப்பவன். மூன்றில் ஒரு பங்குச் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்புகிறவரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

தலைவலி என்று சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ‘இந்த மாசம் கையில் இல்லடா’ என்று சொல்லிப் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் இன்னும் ரெண்டு பேராவது மூச்சு விடுவார்கள். ‘அப்புறம் குடு’ என்று சொன்ன நண்பரே அதை கிரெடிட் கார்டில் போட்டிருக்கலாம், யார் கண்டது? அந்தப் பாடகர் உயிருக்குயிராகப் பிடித்தவர் என்றால் மூன்று மாதம் முன்பே எடுத்துவைத்துக்கொண்டு தாராளமாகப் போங்கள். எனக்கு இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் பாட்டைவிடக் கைபேசி வெளிச்சம்தான் அதிகம் தெரிகிறது, ஆனால் அது வயதான ஆளின் முணுமுணுப்பு, விட்டுவிடுங்கள்.

வீட்டு விஷயம். பத்து மாத அட்வான்ஸ் சென்னையின் பழைய வழக்கம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் செல்லும் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. வீட்டுக்காரர்கள் எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். அதனால் சட்டத்தைக் காட்டிச் சண்டை போடாமல், அதைச் சொல்லி ஐந்து, ஆறுக்குப் பேரம் பேசுங்கள். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். எவ்வளவு பிடிப்பார்கள், மிச்சம் எத்தனை நாளில் திரும்பும் என்பதை முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நண்பரும் நீங்களும் ஆளுக்கு எவ்வளவு போட்டீர்கள் என்பதற்கும் ஒரு தாள் இருக்கட்டும். மொய் நோட்டு எழுதத் தெரிந்த ஊர்க்காரருக்கு அது கஷ்டமில்லை.