காலே பூச்சாடி: அந்த மங்கலான இடத்தைப் பாருங்கள்

வணக்கம். பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் எமில் காலே தன் கையால் செய்த பூச்சாடி என்று சொல்லி விற்பவர் முன்பணம் கேட்கிறார், ஆனால் கையொப்பத்தை ஒட்டி விரல்நுனி அளவுக்குக் கண்ணாடி மங்கலாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இப்போதைக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

அந்த மங்கல்தான் உறுத்துகிறது. ருமேனியாவில் காலே பாணிச் சாடிகள் நிறையச் செய்திருக்கிறார்கள். காலே பெயருக்குப் பக்கத்தில் 'டிப்' (Tip) என்று சேர்த்திருப்பார்கள். காலே மாதிரி என்று பொருள். அதில் ஒளிவுமறைவு இல்லை. அப்புறம் கைமாறும்போது யாராவது அந்த 'டிப்'பை மட்டும் தேய்த்து எடுத்துவிட்டு அசல் விலை சொல்வதுதான் மோசடி.

கையொப்பத்தின் மேல் பக்கவாட்டில் டார்ச் அடித்து, மிக நெருக்கமாக ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பல அடுக்குக் கண்ணாடியில் மேல் வண்ணத்தை அமிலத்தால் அரித்துத்தான் பூவும் இலையும் பெயரும் மேலெழும்பி நிற்கும். அமிலம் அரித்த பரப்பில் ஒரு சீர் இருக்கும். எழுத்தை அழிக்கச் சாணை பிடித்த இடமோ சற்றே குழிந்து, ஒரே திசையில் மெல்லிய கீறல்களோடு தெரியும்.

'தன் கையால்' என்பதையும் நம்ப வேண்டாம். காலே 1904-இல் இறந்தார். பிரான்சின் நான்சி நகரில் இருந்த அவருடைய பட்டறை 1930கள் வரை நடந்தது. அவர் மறைவுக்குப் பிந்தைய சில சாடிகளில் பெயரோடு ஒரு நட்சத்திரம் இருக்கும். அவையும் அசல்தான், நல்ல விலையும் உண்டு. படம் தர மறுத்தால் விட்டுவிடுங்கள். தந்தால் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.