மைனஸ் பவரோடு ஸ்கைடைவிங்: எந்தக் கண்ணாடி வாங்குவது?

கேள்வி: எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 3.50, கொஞ்சம் சிலிண்டரும் (சிதறல் பார்வைக்கான பவர்) உண்டு. நண்பர்களோடு டேண்டம் ஸ்கைடைவிங்குக்கு முன்பதிவு செய்திருக்கிறேன். தினமும் போடும் கண்ணாடி போதுமா? பவர் வைத்த ஸ்போர்ட்ஸ் கண்ணாடி செய்து தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். செய்துகொள்ளலாமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: ஒரே ஒரு டேண்டம் குதிப்புக்காகப் பவர் வைத்த ஸ்போர்ட்ஸ் கண்ணாடி செய்ய வேண்டாம், காசு வீண். குதிக்கும் இடத்துக்கு போன் போட்டு, "கண்ணாடிக்கு மேலேயே மாட்டுகிற காகிள்ஸ் வைத்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக் குதிக்கவைக்கும் இடங்களில் பெரும்பாலும் இருக்கும். இருந்தால் உங்கள் பழைய பிரேமே போதும். அந்தப் பிரேம் காகிள்ஸுக்குள் அடங்குகிறதா என்பதை மட்டும் பார்க்க வேண்டும்.

வயிறு தரையைப் பார்த்தபடி விழும்போது வேகம் மணிக்கு 190 முதல் 200 கிலோமீட்டர் வரை போகும். அந்தக் காற்றில் கண்ணாடி பறந்துவிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நல்ல காகிள்ஸ் இறுக்கமாக இருந்தால் கண்ணாடி எங்கும் போகாது. தொல்லை தருவது நெற்றிப்பொட்டு ஓரம்தான். பிரேமின் கை காதுக்குப் போகும் இடத்தில் காகிள்ஸின் ஸ்பாஞ்ச் முகத்தில் ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தச் சந்து வழியே காற்று பீய்ச்சி அடித்தால் கண்ணில் நீர் கொட்டும், கீழே எதுவும் தெரியாது. கை எவ்வளவு மெல்லிசோ சந்தும் அவ்வளவு சின்னது. இப்போது ஓடுகிற தடித்த அசிடேட் (ஒருவகை பிளாஸ்டிக்) பிரேம்தான் இதற்கு மோசம். பீரோவில் கிடக்கும் பழைய மெட்டல் பிரேமில் இன்றைய பவரைப் போட்டுக்கொண்டால் அதைவிட நல்லது கிடையாது. லென்ஸில் துளை போட்டு திருகு வைத்த ரிம்லெஸ் பிரேமைத் தவிர்த்துவிடுங்கள். காகிள்ஸ் அழுத்தும்போது அந்தத் துளையில்தான் விரிசல் விடும்.

அளவு பார்ப்பது இப்படி. பிரேமின் ஒரு கையின் கீல் முதல் மறு கையின் கீல் வரை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். லென்ஸின் உயரத்தையும் அளங்கள். காகிள்ஸின் உள் அகலமும் உயரமும் இரண்டையும்விடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். அப்புறம் கண்ணாடியைப் போட்டு, மேலே காகிள்ஸை மாட்டி, குனிந்து, அண்ணாந்து, தலையை இரண்டு பக்கமும் உதறிப் பாருங்கள். பிரேம் காகிள்ஸின் முன்பக்கத்தை எங்கேயாவது தொட்டால் அந்த அளவு வேண்டாம். தொடும் இடத்தில் இரண்டிலும் கீறல் விழும், மூக்குத்தாங்கியும் மூக்கில் குத்தும். பத்து நிமிடம் அப்படியே இருந்து பாருங்கள். ஐந்தாவது நிமிடத்தில் வலித்தால் விமானம் மேலே ஏறி முடிப்பதற்குள் கழற்றி எறியத் தோன்றும்.

கேள்வி: லென்ஸ் எதில் போடுவது? கண்ணாடி உடைந்தால் கண்ணுக்கு ஆபத்தாயிற்றே?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: நிஜக் கண்ணாடி லென்ஸ் கூடவே கூடாது. சாதாரண பிளாஸ்டிக் லென்ஸின் இன்டெக்ஸ் (ஒளியை வளைக்கும் அளவு) 1.50. அதைவிட அடி தாங்குவது பாலிகார்பனேட், இன்டெக்ஸ் 1.59. "பாலி போட்டிருக்கிறேன்" என்று வாயால் சொன்னால் போதாது, பில்லில் 1.59 பாலிகார்பனேட் என்று எழுதி வாங்குங்கள். பவர் அதிகமானவர்களுக்கு பாலியின் ஓரங்களில் வானவில் போல நிறம் பிரியும். அவர்களுக்கு டிரைவெக்ஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக், இன்டெக்ஸ் 1.53, தெளிவாக இருக்கும். ஆனால் நம் ஊர்க் கடைகளில் ஆர்டர் போட்டுத்தான் வரவழைப்பார்கள், நாள் பிடிக்கும்.

போலரைஸ்டு கூலிங் வேண்டாம். உயரம் காட்டும் டிஜிட்டல் ஆல்டிமீட்டரின் எல்சிடி திரை அதன் வழியாகப் பார்த்தால் சில கோணங்களில் கறுத்துப் போகும். வெயிலில் கறுக்கும் போட்டோக்ரோமிக் லென்ஸும் குளிரில் இன்னும் அதிகமாகக் கறுக்கும், மெதுவாகத்தான் தெளியும். சாதாரண தெளிந்த லென்ஸே போதும்.

கேள்வி: நான் ஓசூர் சிப்காட்டில் வேலை செய்கிறேன். கம்பெனியில் தந்த பாதுகாப்புக் கண்ணாடி இருக்கிறது, அதையே போட்டுக்கொள்ளலாமா? பைக்கில் போட்டுப் பார்த்தேன், காற்று வரவில்லை.

பதில்: போடாதீர்கள். அது தெறிக்கும் துகளுக்காகச் சோதித்த கண்ணாடி, எதிர்க்காற்றுக்காகச் செய்ததில்லை. பக்கம் திறந்திருக்கும் வகை என்றால் பேச்சே இல்லை. ரசாயனம் தெறிக்காமல் முழுதாக மூடும் வகையில்கூட பல மாடல்களுக்கு விளிம்பில் ஸ்பாஞ்ச் இருக்காது, ரப்பர் பட்டையும் தொழிற்சாலைக்குள் நிற்கும் அளவுக்குத்தான் இறுக்கம்.

பைக் சோதனை ஒரு பக்கம்தான் உண்மை சொல்லும். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏறும். மணிக்கு 60 கிலோமீட்டரில் பைக்கில் தாங்குவதை 200-இல் சுமார் 11 மடங்கு அழுத்தம் வந்து மோதும். பைக்கிலேயே கண் கலங்கினால் அந்தக் காகிள்ஸ் தோற்றுவிட்டது. கலங்கவில்லை என்பதால் ஜெயித்ததாகிவிடாது.

கேள்வி: பனி படர்ந்து ஒன்றும் தெரியாமல் போகும் என்கிறார்களே, அதற்கு என்ன வழி? கண்ணாடிக்குக் கயிறு கட்டிக்கொள்ளலாமா?
– வாசகி, தருமபுரி

பதில்: மேலே ஏற ஏற 1,000 அடிக்கு ஏறக்குறைய 2 டிகிரி வெப்பம் குறையும். தரையில் 28 டிகிரி என்றால் 10,000 அடி மேலே 8 டிகிரிதான். கதவு மூடிய விமானத்தில் காகிள்ஸைப் போட்டுக்கொண்டு மூச்சு விட்டபடி உட்கார்ந்திருந்தால், வியர்வை ஈரமும் மூச்சு ஈரமும் குளிர்ந்த லென்ஸில் படியும். உங்களுக்கு லென்ஸ் இரண்டு அடுக்கு, ஆகவே தொல்லையும் இரட்டிப்பு. அதனால் காகிள்ஸைக் கழுத்திலோ நெற்றியிலோ வைத்திருந்து, பயிற்சியாளர் சொல்லும்போது, அதாவது குதிப்பதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பு மாட்டுங்கள். காற்றுத் துளைகளை டேப் போட்டு மூடாதீர்கள். விழத் தொடங்கியதும் அந்தத் துளைகள்தான் பனியைத் துடைத்து எடுக்கும். உள்பக்கம் ஆண்டி ஃபாக் பூச்சு உள்ள காகிள்ஸை ஈரத்தோடு துப்பட்டாவால் தேய்த்தால் பூச்சு உரிந்துவிடும். உதறிவிட்டுக் காற்றில் உலர விடுங்கள்.

கழுத்தில் தொங்கும் கயிறு வேண்டவே வேண்டாம், காற்றில் படபடவென்று முகத்தில் அடிக்கும், எதிலாவது மாட்டவும் செய்யும். பிரேமின் கைகள் இரண்டையும் பின்மண்டையோடு ஒட்டிப் பிடிக்கும் ரப்பர் பட்டை போதும். பாராசூட் விரிந்தபின் வேடிக்கை பார்க்கலாம் என்று காகிள்ஸைக் கழற்றினால் அதோடு கண்ணாடியும் சேர்ந்து வந்துவிடும். தரையில் கால் வைக்கும்வரை கை வைக்காதீர்கள்.

கேள்வி: வயது 46. பைஃபோகல் போடுகிறேன். தனியாகக் குதிக்கும் பயிற்சி எடுக்க ஆசை. காண்டாக்ட் லென்ஸுக்கு மாறலாமா?
– வாசகர், அரூர்

பதில்: டேண்டமில் நீங்கள் பயணி. தனியாகக் குதிக்கும்போது உயரம் பார்ப்பதும் இறங்குவதும் உங்கள் பொறுப்பு, அங்கே பைஃபோகல் உண்மையிலேயே ஆபத்து. இறங்கும்போது தரைக்குச் சற்று மேலே இரண்டு கையாலும் கயிற்றை இழுத்து வேகத்தைக் குறைக்க வேண்டும். எத்தனை அடி உயரத்தில் இழுப்பது என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். பைஃபோகலின் கீழ்ப் பாதி படிப்பதற்கான பவர், அதன் வழியே தரை மங்கலாகவும் உள்ளதைவிடக் கிட்டத்திலும் தெரியும். சீக்கிரம் இழுத்தால் பாராசூட் வேகமிழந்து தொப்பென்று விழும். பிந்தி இழுத்தால் ஓட்டத்தோடு போய் மோதுவீர்கள், கணுக்காலுக்கு உத்தரவாதம் கிடையாது. கோடு தெரியாமல் பவர் மாறிக்கொண்டே வரும் புரோகிரஸிவிலும் இதே கதைதான். தூரப் பார்வைக்கு மட்டுமான சிங்கிள் விஷன் கண்ணாடி ஒன்று செய்துகொள்ளுங்கள். ஆல்டிமீட்டர் மணிக்கட்டில், கண்ணிலிருந்து அரை மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும். சின்ன எழுத்து டிஜிட்டலைவிட பெரிய முள் வைத்த டயலே உங்களுக்குத் தோது. புதுக் கண்ணாடியைக் குதிக்கும் நாளில் முதல்முறையாகப் போடாதீர்கள். இரண்டு வாரம் அதைப் போட்டுப் படி இறங்கிப் பழகுங்கள்.

சாஃப்ட் காண்டாக்ட் லென்ஸ் இறுக்கமான காகிள்ஸுக்குள் நிற்கும். ஒருநாள் போட்டு எறியும் வகை நல்லது. அதன் விட்டம் சுமார் 14 மில்லிமீட்டர், கருவிழியைத் தாண்டிப் பரவியிருக்கும். 9, 10 மில்லிமீட்டரே உள்ள ஹார்டு லென்ஸ் காற்றும் தூசியும் பட்டால் இடம் மாறிவிடும், அது வேண்டாம். சிலிண்டர் பவருக்கான டோரிக் லென்ஸ் சற்றே சுழன்றாலும் பார்வை மங்கும், தரையில் சில வாரம் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். பையில் மாற்று ஜோடியும் பழைய கண்ணாடியும் இருக்கட்டும். குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவாதீர்கள்.

கேள்வி: மைனஸ் 8. குதித்தால் விழித்திரை கிழியுமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: மைனஸ் 6-ஐத் தாண்டினாலே விழித்திரை மெலிந்திருக்க வாய்ப்பு அதிகம். கண்ணில் சொட்டு விட்டு விழித்திரையைச் சோதித்து, கண் டாக்டர் சரி என்று சொன்னபின் முன்பதிவு செய்யுங்கள். சொட்டு விட்டபின் சில மணி நேரம் பார்வை கூசும், வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள். லேசர் சிகிச்சை செய்தவர்களும் எப்போது குதிக்கலாம் என்று செய்த டாக்டரிடமே கேட்க வேண்டும்.

கேள்வி: ஆர்டர் செய்து வாங்கிய லென்ஸில் பவர் தப்பு. "செய்து கொடுத்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார்கள்.
– வாசகர், ஓசூர்

பதில்: உங்கள் அளவுக்குச் செய்தது என்பதற்காகத் தப்பாகச் செய்ததை உங்கள் தலையில் கட்ட முடியாது. வேறொரு கடையில் லென்ஸை அளக்கும் லென்ஸோமீட்டரில் வைத்துப் பவர், ஆக்சிஸ் (சிலிண்டர் பவரின் கோணம்), இரு கண்மணிகளுக்கிடையேயான தூரம் மூன்றையும் எழுதி வாங்கி, டாக்டர் சீட்டோடு ஒப்பிடுங்கள். பில்லில் வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பார்வைத் திருத்தக் கண்ணாடிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், பவர் இல்லாத கூலிங்கிளாசுக்குத்தான் 18.

எழுத்தில் புகார் கொடுத்தும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி கடை பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், டாக்டர் சீட்டு, லென்ஸ் வந்த உறை மூன்றும் கையில் இருக்கட்டும்.