எழுதிட்டுப் போய் என்ன செய்யப் போறீங்க?

அன்புள்ள ஐயா,

கடலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். மக்கள்தொகை, குடும்ப நலம், படிப்பு என்று ஏதாவது ஒரு கணக்கெடுப்பு வந்துகொண்டே இருக்கிறது. நானும் நோட்டோடு வீடு வீடாகப் போயிருக்கிறேன். "எழுதிட்டுப் போய் என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை. இந்த எண்களால் எந்த ஊராவது மாறியிருக்கிறதா?

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

மாறியிருக்கிறது. உங்கள் மாவட்டத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆறு வயது வரையிலான குழந்தைகளில் ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்று மக்கள்தொகைக் கணக்கில் பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் 2001-இல் 942, 2011-இல் 943. பத்து வருடத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் தோன்றும். மாவட்டவாரியாகப் பிரித்துப் பாருங்கள். 826-இல் கிடந்த தருமபுரியும் 851-இல் கிடந்த சேலமும் 900-ஐத் தாண்டி வந்திருந்தன. 950-க்கு மேல் இருந்த கடலூர் 900-க்குக் கீழே போயிருந்தது. அரியலூரும் 900-க்குக் கீழே இறங்கியிருந்தது. அங்கே ஏறியதும் இங்கே இறங்கியதும் கழிந்துபோய், மாநிலச் சராசரி அசையாமல் நின்றது.

தருமபுரியில் நடந்ததில் கிராம சுகாதார செவிலியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தொண்ணூறுகளில் பெண் சிசுக்கொலை என்றாலே எல்லோரும் மதுரை மாவட்டத்து உசிலம்பட்டியைத்தான் சொல்வார்கள். ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளிலோ, சில பெண் குழந்தைகளின் சாவுக்கு நேரே 'சமூகக் காரணம்' என்று எழுதியிருந்தது. பிரசவம் பார்த்த வீட்டுக்கே மறுபடி போய், குழந்தை இல்லை என்று கண்டு, சிசுக்கொலையைக் குறிக்கச் செவிலியர்கள் எழுதிய சொல் அது. அந்தப் பதிவேடுகளை ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளாதார அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டார்கள். மதுரைப் பக்கத்தோடு நிற்காமல் சேலம், தருமபுரி வரை இது நீள்வது அப்போது தெரிந்தது. அப்புறம் தருமபுரியில் கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போய், அந்த மக்களின் முன்னாலேயே இதை நாடகமாக நடித்தன. விகிதம் ஏறியதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் எடுத்த கணக்கை எடுத்த ஊருக்கே கொண்டுபோய்ப் பேசியதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்.

உங்கள் மாவட்டத்துக்கு வருவோம். 2011 கணக்கு வந்ததும் அரசு சும்மா இருக்கவில்லை. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கடலூர், அரியலூர் பக்கமும் கொண்டுவந்தது. வளர்க்க விரும்பாத குழந்தையைக் கொல்லாமல் அரசு வைத்த தொட்டிலில் விட்டுப் போகலாம் என்பதுதான் அந்தத் திட்டம். எனக்கு இதில் வருத்தம் உண்டு. பிறந்த குழந்தையைத்தான் தொட்டில் காப்பாற்றும். ஸ்கேனில் பார்த்துக் கருவிலேயே கலைத்தால் தொட்டில் என்ன செய்யும்? ஆறு வயது வரைக்குமான விகிதம் குழந்தைகள் குறைந்திருப்பதை மட்டும்தான் சொல்லும். பிறக்கும் முன் குறைந்தார்களா, பிறந்த பின்னா என்று சொல்லாது. அதற்குப் பிறப்பையும் இறப்பையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அதை நீங்களே தொடங்கலாம். ஒரு ஊரில் வருடத்துக்கு நாற்பது பிரசவம் என்றால் பதினெட்டுப் பெண், இருபத்திரண்டு ஆண் என்பது தற்செயலாகவே வரும். அதை வைத்து யாரையும் சந்தேகப்படக் கூடாது. ஒன்றியம் முழுவதற்கும் ஐந்து வருடப் பிறப்புகளைச் சேர்த்துக் கேளுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். முக்கியமாக, முதல் குழந்தை பெண்ணாக இருக்கும் வீடுகளில் இரண்டாவது குழந்தை ஆணா பெண்ணா என்று தனியாகக் கேளுங்கள். பெண் கருவைத் தேர்ந்தெடுத்துக் கலைப்பது நடந்தால் அங்கேதான் பளிச்சென்று தெரியும்.

கிடைத்ததைக் கிராம சபையில் வாசித்துக் காட்டுங்கள். அங்கே என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள். காத்திருப்பேன்.